மழைச் சத்தத்தையும் சேர்த்துத் தருகிற கடை: சுங்கை சிப்புட்டில் பழைய கேசட்டுகளுக்கு ஓர் இடம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் நகரில் பழைய ஒலிநாடாக்களைத் துடைத்து, பழுதுநீக்கி, அவற்றில் இருப்பதைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தருகிற ஒரு சிறிய கடைக்குக் கடந்த ஆறு மாதங்களில் பலமுறை சென்று வந்தேன். அப்பா விட்டுச்சென்ற பத்தொன்பது கேசட்டுகளில் பதினான்கை அங்கே கொடுத்து மாற்றி வாங்கியிருக்கிறேன். இதுபோன்ற நாடாக்களை அலமாரியில் வைத்துக்கொண்டு, எறியவும் மனமில்லாமல் போட்டுக் கேட்கவும் வழியில்லாமல் இருக்கும் நம்மவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன். கடைக்காரர் தனியாளாக வேலை பார்க்கிறார். கையில் இருப்பதை முடிக்கவே நேரம் போதவில்லை என்பதால் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வானொலியும் மின்விசிறியும் பழுதுபார்க்கும் வயதானவரின் கடை எது என்று நகரில் கேட்டால் காட்டிவிடுவார்கள். வாசலில் கழற்றிப் போட்ட அரிசிக் குக்கர்கள் அடுக்கியிருக்கும். உள்ளே போனால் இடப்பக்கச் சுவர் முழுவதும் கேசட் கருவிகள்.

நாடாக்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தக் கடையை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்பது அவற்றில்தான் இருக்கிறது. என் அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் ஒன்றில், தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டியிருந்த லயத்தில் எங்கள் வீட்டின் முன்கட்டில், ஒரு முக்காலியின்மேல் வானொலியையும் அதற்கு நேரெதிரே ஒரு பலகையின்மேல் பதிவுக் கருவியையும் வைத்து, 1979 முதல் 1986 வரை அவர் பதிந்தவை இவை. இன்று மின்னல் பண்பலையாக ஒலிக்கும் வானொலி மலேசியாவின் தமிழ்ப் பிரிவில் வந்த நேயர் விருப்பப் பாடல்களே பெரும்பகுதி. டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவுமே அதிகம், அண்ணன் அடம்பிடித்ததால் கடைசி நான்கைந்து நாடாக்களில் எஸ்.பி.பாலசுப்பிரமணியமும் எஸ்.ஜானகியும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு கருவிகளையும் இணைக்கும் கம்பி எங்களிடம் இல்லை. வானொலி பாடும், பதிவுக் கருவி அதைக் காதால் கேட்பதுபோலக் கேட்டுப் பதியும். நடுவில் யார் இருமினாலும், கோழி கத்தினாலும் அதுவும் சேர்ந்து பதிந்துவிடும். பதிவு ஓடும்போது அப்பா வாயில் விரலை வைத்து எங்களை அடக்குவார். ஆனாலும் பன்னிரண்டடி அறைக்குள் ஐந்து பேர் எவ்வளவு நேரம்தான் மூச்சுவிடாமல் இருக்க முடியும்?

நாடாக்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன், தோட்டத் தொழிலாளர்களுக்காக 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத்தாளும் எங்கள் பிறப்புப் பத்திரங்களும் அதே டின்னில்தான் இருந்தன. வீட்டில் எது விலைமதிப்புள்ளது என்று அப்பா கருதினார் என்பதற்கு அந்த டின்னைவிட வேறு சான்று தேவையில்லை.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன், சில ஆண்டுகளுக்கு முன்பு, பெரிய நகரம் ஒன்றில் வேறோர் இடத்தில் இரண்டு நாடாக்களைக் கொடுத்து ஏமாந்தேன். பத்து நாளில் அழகான உறையில் குறுவட்டு வந்தது. வீட்டில் போட்டுக் கேட்டபோது ஒவ்வொரு பாடலும் நேற்றுப் பாடியதுபோலத் தெளிவாக இருந்தது. அப்பாவின் அட்டைகளில் இருந்த பாடல் வரிசையைப் பார்த்து, அதே பாடல்களை வேறெங்கிருந்தோ எடுத்துப் பதிந்து கொடுத்திருந்தார்கள்! கேட்டதற்கு, "உங்க கேசட்ல ஒரே இரைச்சல், அதான் நல்ல காப்பியா போட்டுக் கொடுத்தோம்" என்றார்கள்; அவர்கள் அதை ஓர் உதவியாகவே நினைத்திருந்தார்கள். நல்லவேளையாக நாடாக்கள் திரும்பக் கிடைத்தன. அந்தக் குறுவட்டை இரண்டு முறை முழுதாகக் கேட்டேன். பாடல்கள் இனிமையாகத்தான் இருந்தன; ஆனால் அவை என்னை எங்கும் அழைத்துச் செல்லவில்லை. அந்தப் பாடல்கள் கைப்பேசியில் எந்த நேரமும் கிடைக்கின்றன, திருமண மண்டபத்திலும் ஒட்டுக்கடையிலும் ஒலிக்கின்றன. எத்தனையோ இடங்களில் கேட்டுக் கேட்டு, அவற்றில் எங்கள் வீடு கரைந்துபோய்விட்டது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஆகவே சுங்கை சிப்புட் கடைக்குள் நுழைந்தபோது ஓரளவு சந்தேகத்தோடுதான் நுழைந்தேன். கடைக்காரர் டின்னைத் திறந்து, ஒவ்வொரு நாடாவாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, மூன்று குவியலாகப் பிரித்தார். முதல் குவியல் அப்படியே ஓடக்கூடியவை. இரண்டாவது, நாடாவை ஒலிமுனையோடு (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் கருவியின் முனை) சேர்த்து அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் திண்டு உதிர்ந்துபோனவை. மூன்றாவது, நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்தவை. எங்கள் தட்பவெப்பத்தில் அலமாரியில் மூடி வைத்த கேசட்டுக்கு வருகிற நோய் இது. பூஞ்சணம் படிந்த நாடாவை அப்படியே கருவியில் போட்டால் அந்தத் தூள் ஒலிமுனையில் ஒட்டி அடுத்தடுத்த நாடாக்களுக்கும் பரவும் என்பதால், அவற்றுக்கென்றே ஒரு பழைய கருவியைத் தனியாக வைத்திருக்கிறார்.

அதில் ஒன்றை அவர் துடைத்ததை அருகில் அமர்ந்து பார்த்தேன். கூட்டின் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, மேல்மூடியைத் தூக்கி, இரண்டு சுருள்களையும் அசையாமல் வெளியே எடுத்து, புதிய வெறுங்கூட்டுக்குள் மாற்றினார். பிறகு நாடாவை மெல்ல ஓடவிட்டு, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த மென்துணியை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, அதன் வழியாக நாடா நழுவிச் செல்லும்படி செய்தார். அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான நாடா அது. விரலை அழுத்தினால் இழுபடும், தளர்த்தினால் தூள் போகாது. பேச்சை நிறுத்திவிட்டு அவர் விரல்களாலேயே கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு நாடா தொடக்கத்தில் அறுந்திருந்தது. அதைச் சாதாரண ஒட்டுத்தாளால் ஒட்டக் கூடாது, அதன் பசை வெயிலில் கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் ஒட்டிவிடும் என்று சொல்லி, நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள மெல்லிய பட்டையைத் துண்டு வெட்டி ஒட்டினார். அப்பா 1980களில் சாதாரண ஒட்டுத்தாளால் ஒட்டிய இடம் ஒன்றையும் கண்டுபிடித்து, பழுத்து மஞ்சளாகிப் போன அந்தத் துண்டை எறியாமல் ஒரு சிறு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "டீச்சர், சத்தத்த எடுக்கவா, வைக்கவா?"

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் என்பதை அதற்குள் தெரிந்துகொண்டிருந்தார். எந்தச் சத்தம் அண்ணே என்று கேட்டேன். ஒரு நாடாவின் நடுப்பகுதியை ஓடவிட்டார். சுசீலாவின் குரலுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கணினியில் இரண்டு விதமாகச் செய்து காட்டினார்: ஒன்றில் மழை ஏறக்குறைய மறைந்து பாடல் மட்டும் தனித்து நின்றது, மற்றதில் எல்லாம் அப்படியே இருந்தது. மழையை எடுத்தால் குரலின் மேல்நுனியும் கொஞ்சம் மழுங்கும், ஆனால் பலரும் எடுக்கத்தான் சொல்கிறார்கள் என்றார். வையுங்கள் என்றேன். மூலப் பதிவை எப்போதும் மாற்றாமல் ஒரு கோப்பாகவும், துடைத்ததை வேறொரு கோப்பாகவும் தருவது தம் வழக்கம் என்றும், எது வேண்டும் என்பதை வீட்டுக்காரர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். இந்தக் கடையில் எனக்கு மிகப் பிடித்தது இந்த ஒரு கேள்விதான். மற்றத் திறமைகளை வேறு இடங்களிலும் காணலாம்.

அந்த மழை நாடாவை வீட்டில் அம்மாவோடு சேர்ந்து கேட்டேன். அம்மாவுக்கு எண்பத்தொரு வயதாகிறது. காலையில் பசியாறியது மதியத்துக்குள் மறந்துவிடுகிறது. எனக்கு அந்த மழை மகிழ்ச்சியின் சத்தம். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்து, அம்மா வேலைக்காட்டுக்குப் போகாமல் வீட்டில் இருப்பார். சூடாக ரொட்டி கிடைக்கும். பள்ளி விட்டு வந்தால் கதவு திறந்திருக்கும். ஒலிபெருக்கியில் மழை தொடங்கியதும் அந்த ரொட்டியின் மணம்தான் எனக்கு வந்தது. அம்மாவின் முகமோ சுருங்கியது. சற்று நேரத்தில், பாடலின் இரண்டாம் சரணத்துக்கு அடியில், நாற்பது வயதுகூட ஆகாத அம்மாவின் குரல் எழுந்தது: "இந்த மாசம் இதோட ஏழு நாளு." மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி குறையும். ஏழு நாள் என்றால் கடையில் கடன் எவ்வளவு ஏறும் என்பதை அவர் அன்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பதின்மூன்று வயதில் அதே அறையில் அந்தப் பாடலை ரசித்துக்கொண்டிருந்த என் காதில் அந்த வாக்கியம் விழவே இல்லை. ஒரே பாடல், ஒரே மழை. எனக்கு ஒன்றும் அம்மாவுக்கு வேறொன்றுமாக இத்தனை ஆண்டுகள் அது காத்திருந்திருக்கிறது. சத்தத்தை எடுக்கச் சொல்லியிருந்தால் இந்த வாக்கியமும் மழையோடு போயிருக்கும்.

இன்னொரு நாடாவில் வேறொரு விந்தை. தோட்டத்தில் அப்போது இஞ்சின் கொட்டகையிலிருந்துதான் மின்சாரம். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். டி.எம்.எஸ். பாடிக்கொண்டிருக்கும் ஒரு பாடலின் கடைசி வரியில் குரல் திடீரென்று மெலிந்து, வேகமெடுத்து, கீச்சுக்குரலாகி நின்றுவிடுகிறது. கருவியின் கோளாறு என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் விளக்கினார்: நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். மின்சாரம் தளர்ந்தபோது பதிவுக் கருவியின் மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது அது விரைவாகவும் உயர்ந்த குரலிலும் கேட்கிறது. அதைக் கணினியில் நேராக்கிவிடலாம் என்றார். அதையும் வைக்கச் சொன்னேன். வீட்டில் அந்த இடம் வந்தபோது, நாற்காலியில் கண்மூடி இருந்த அம்மா, "இஞ்சின நிப்பாட்டிட்டான், வெளக்க எடு பாப்பா" என்று சொல்லி, இடக்கையைப் பக்கத்தில் நீட்டினார். லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு இருந்த மாடம் அந்தப் பக்கம்தான் இருந்தது.

இதைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருப்பதைப் பிறகு தேடிப் படித்தேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெட்ர் ஜனாட்டா 2009இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய பாடல் ஒன்று சொந்த வாழ்க்கையின் நினைவை எழுப்பும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி அதிகம் இயங்குவதைக் காட்டியிருக்கிறார். மறதி நோயில் மூளையின் மற்றப் பகுதிகள் சுருங்கிய பின்பும் இந்தப் பகுதி ஓரளவு தாக்குப்பிடிக்கிறது என்பதையும் அவர் சுட்டுகிறார். அம்மாவுக்கு என்ன நோய் என்று நான் முடிவுகட்ட முடியாது; ஆனால் அந்தக் கை நீண்டதைப் பார்த்தவளுக்கு இந்தச் செய்தி ஆறுதலாக இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து 2013இல் வந்த இன்னோர் ஆய்வு, இருபது வயதையொட்டிய இளைஞர்களுக்கு அவர்கள் பிறப்பதற்கு முன் வந்த, பெற்றோரின் இளமைக்காலப் பாடல்களும் தனிப்பட்ட நினைவுகளைக் கொண்டுவருவதாகச் சொல்கிறது. என் மகளை நினைத்துக்கொண்டேன். அப்பாவின் கருவி பழுதாகும்வரை, அவளுக்கு எட்டு வயதுவரை, இந்த நாடாக்கள் அவள் காதில் விழுந்திருக்கின்றன. போன வாரம் ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருந்த இடைவெளியில், வரப்போகும் பாடலின் முதல் வரியை அவள் தானாகவே முணுமுணுத்தாள். அந்த இரண்டு பாடல்களும் அடுத்தடுத்து வருவது உலகத்திலேயே அந்த ஒரு நாடாவில்தான். தாத்தாவின் வரிசை அது.

இந்த வரிசை விஷயத்தில்தான் கடையின் மீது எனக்கு முதல் குறை. முதலில் கொடுத்த நான்கு நாடாக்களையும் அவர் தனித்தனிப் பாடல்களாக வெட்டி, இடைவெளிகளை நீக்கித் தந்தார். பெரும்பாலோர் அப்படித்தான் கேட்கிறார்களாம். ஆனால் அந்த இடைவெளிகளில்தான் அப்பா தொண்டையைச் செருமுவதும், பதிவுப் பொத்தானை அழுத்தும் 'டக்' என்ற ஒலியும் இருக்கின்றன. ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாகத் தரச் சொல்லிக் கேட்டபின் எல்லாவற்றையும் அப்படியே மீண்டும் தந்தார், கூடுதல் பணம் வாங்கவில்லை. நீங்கள் கொடுப்பதானால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, தாமதம்: மூன்று வாரம் என்றவர் ஒன்பது வாரம் எடுத்தார். மூன்றாவது, ஒரு நாடாவின் இரண்டாம் பக்கம் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல மங்கி வந்தது. ஒலிமுனையின் சாய்வை அந்த நாடாவுக்கு ஏற்பத் திருப்பாமல் விட்டதுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டு மறுபடி ஓட்டித் தந்தார். ரசீது தருவதில்லை. கோப்புகளுக்கு எண் மட்டுமே இடுகிறார். எந்த நாடா எது என்று நானேதான் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது.

கட்டணம் 60 நிமிட நாடாவுக்கு 25 வெள்ளி (ரிங்கிட்), 90 நிமிட நாடாவுக்கு 35 வெள்ளி. பூஞ்சணம் துடைக்க நாடாவுக்குப் பத்து வெள்ளி கூடுதல். ஒன்பது சிறியவை, ஐந்து பெரியவை, துடைத்தவை ஆறு என்று எனக்கு மொத்தம் 460 வெள்ளி ஆனது. அதிகம் என்று அண்ணன் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒலிநாடாவை அவசரமாக ஓட்டி மாற்ற முடியாது. 90 நிமிட நாடா ஓடி முடிய 90 நிமிடமே ஆகும். என் பதினான்கு நாடாக்களுக்கும் ஓட்டம் மட்டுமே பதினாறரை மணி நேரம், அதுவும் ஒருவர் அருகில் இருந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டு மழையையும் அம்மாவின் கணக்கையும் அத்தனை நேரம் பொறுமையாகக் கேட்ட ஒரே வெளியாள் அவர்தான். ஒருநாள் நாடாவை வாங்கப் போனபோது, "உங்க அப்பாரு ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசிப் பாட்டு முடியிறதுக்குள்ள டேப்பு தீந்துருமோன்னு பயந்து பயந்து பதிஞ்சிருக்காரு, கேட்டாலே தெரியுது" என்றார். பாடல் நடுவில் வெட்டுப்படாமல் இருக்க, மீதியிருக்கும் நாடாவின் தடிமனைக் கண்ணாடிச் சன்னல் வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே அப்பா உட்கார்ந்திருப்பார். நான் சொல்லாமலேயே அதை அவர் நாடாவிலிருந்து தெரிந்துகொண்டார்.

கொண்டுபோகிறவர்களுக்கு அவர் சொன்ன சில எச்சரிக்கைகளையும் இங்கே தருகிறேன். பல ஆண்டுகள் கிடந்த நாடாவைக் கடைக்குப் போகும் முன் வீட்டுக் கருவியில் போட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே ரப்பர் பெல்ட் இளகியிருந்தால் நாடாவைத் தின்றுவிடும். ஒலிபெருக்கியின்மேல் வைக்காதீர்கள், அதன் காந்தம் பதிவைக் கெடுக்கும். கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சிறு பற்களையும் உடைத்துவிட்டால் தவறுதலாக அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. நீண்ட நாள் சுருண்டே கிடந்த நாடாவில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றிலும் மெல்லப் படிந்திருக்கும் என்பதால், பாடல் தொடங்குவதற்கு ஓரிரு நொடி முன்பே அதன் நிழல்போல ஒரு குரல் கேட்டால் பயப்பட வேண்டாம், அது பழுதல்ல.

எங்கள் தோட்டத்தில் இப்போது பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. லயம் இருந்த இடத்தில் கிணற்றுத் திண்ணை மட்டும் தெரிகிறது. கடைக்காரரின் கையில் வேறு யாருடையதோ நாற்பது நாடாக்கள் வரிசையில் இருப்பதால், டின்னில் மிஞ்சியிருக்கும் ஐந்தையும் தீபாவளி முடிந்தபின் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அவற்றில் நான்கின் அட்டையில் வழக்கம்போலப் பாடல் வரிசை இருக்கிறது. ஐந்தாவதில் அப்பா இரண்டு பற்களையும் உடைத்து வைத்திருக்கிறார். அட்டையில் பாடல் பெயர் எதுவும் இல்லை, சிவப்பு மையில் "அழிக்காதே" என்று மட்டும் எழுதியிருக்கிறது.